அணு உலைக்குள் நியூத்திரன் அளவு மாறுவதைக் கணிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்குப் பௌதிகவியல் கற்பிக்கும் எனக்கு, கருப்பிளவு பற்றிய பாடம் முடிந்த கையோடு வரும் கேள்விகள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. பாடநூல் தொடர்தாக்கத்தின் படத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. நியூத்திரன்களின் எண்ணிக்கை நேரத்தோடு எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்தை யார் எப்படிக் கணிக்கிறார்கள் என்பவை அதற்கு அப்பால் உள்ளவை. பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்ட பழைய மாணவர்களும், மின்துறையில் வேலை செய்து ஓய்வுபெற்ற சில பெரியவர்களும் அதே ஐயங்களோடு வந்ததால், கேட்டவர்களின் வாய்மொழியை இயன்றவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் எரிபொருள் யுரேனியம் 235 என்றும், ஒரு நியூத்திரன் தலைமுறையின் காலம் 0.0001 செக்கன் என்றும் கொண்டிருக்கிறேன்.

ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி என்று போனால் இந்த எண்ணிக்கை எங்கே போய் நிற்கும்?

ஓடிக்கொண்டிருக்கும் உலையில் அப்படிப் போவதில்லை. யுரேனியம் 235 இன் ஒரு கரு மெதுவான நியூத்திரனால் பிளவுறும்போது சராசரியாக 2.43 நியூத்திரன்கள் வெளிவருகின்றன என்பது உண்மைதான். ஆனால் அவற்றுள் சில உள்ளகத்தை விட்டு வெளியே தப்பிவிடுகின்றன. சில யுரேனியம் 238, நீர், உருக்கு, கட்டுப்பாட்டுக் கோல்கள் ஆகியவற்றால் உறிஞ்சப்படுகின்றன. எஞ்சியவற்றுள் அடுத்த பிளவை உண்டாக்குவது சராசரியாக எத்தனை என்பதே பெருக்கக் காரணி. அதைக் கே என்று குறிப்போம்.

கே சரியாக 1 ஆக இருந்தால் எண்ணிக்கை மாறாது. அந்த நிலைக்கு மாறுநிலை என்று பெயர். 1 ஐ விடக் கூடினால் எண்ணிக்கை ஏறும், குறைந்தால் இறங்கும். உலை எந்த வலுவில் ஓடுகிறது என்பதைக் கே சொல்வதில்லை என்பதையும் இங்கேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 1 வாற்றில் ஓடும் உலைக்கும் 1000 மெகாவாற்றில் ஓடும் உலைக்கும், வலு மாறாதிருக்கும் வரை, கே 1 தான்.

கே 1.001 என்றால் அது 1 தானே? அந்தச் சின்ன வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு கவலை?

ஒரு தலைமுறைக்கு 0.0001 செக்கன் என்றால் ஒரு செக்கனுக்குள் 10,000 தலைமுறைகள் கழிந்துவிடும். 1.001 ஐ 10,000 தடவை தன்னால் பெருக்கினால் ஏறக்குறைய 22,000 வருகிறது. அதாவது ஒவ்வொரு தலைமுறையிலும் ஆயிரத்துக்கு ஒன்று மட்டும் கூடியதற்கு, ஒரே செக்கனில் நியூத்திரன்கள் 22,000 மடங்காகிவிடும். எந்தக் கோலையும் எந்த இயந்திரமும் அதற்கு முன் இறக்கிவிட முடியாது.

கணக்கில் பிழையில்லை, ஆனால் அது எல்லா நியூத்திரன்களும் பிளவு நடந்த கணத்திலேயே பிறக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறது. அந்த எடுகோள்தான் தவறானது. எவ்வளவு தவறானது என்பது அடுத்த விடையில் தெரியும்.

அப்படியென்றால் உலையை மனிதக் கையால் எப்படி ஓட்ட முடிகிறது, ரீச்சர்?

பிந்திய நியூத்திரன்களால். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்பவர் இதை வாசித்தால் போதும் என்று சொல்வேன். பிளவில் உண்டாகும் துண்டுக் கருக்களுள் சில, பீற்றாத் தேய்வுக்கு உட்பட்ட பிறகே ஒரு நியூத்திரனை வெளிவிடுகின்றன. புரோமின் 87 அத்தகையது. அதன் அரைவாழ்வுக்காலம் ஏறக்குறைய 55 செக்கன். இவற்றை முன்னோடிக் கருக்கள் என்பார்கள். யுரேனியம் 235 இல் மொத்த நியூத்திரன்களுள் 0.65 சதவீதம் மட்டுமே இவ்வாறு பிந்தி வருகின்றன. இந்தப் பங்குக்குப் பீற்றா என்று பெயர், பெறுமானம் 0.0065. மற்ற 99.35 சதவீதமும் உடன் நியூத்திரன்கள்.

இந்தச் சிறு பங்கு எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது என்று பாருங்கள். முன்னோடிக் கரு ஒன்று நியூத்திரனை வெளிவிடுவதற்குச் சராசரியாக 13 செக்கன் காத்திருக்கிறது. 0.0065 ஐ 13 ஆல் பெருக்கினால் 0.085 செக்கன். எனவே உடன் நியூத்திரன்களையும் பிந்தியவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு தலைமுறையின் சராசரிக் காலம் 0.0001 செக்கனிலிருந்து 0.085 செக்கனாக, ஏறக்குறைய 850 மடங்காக, நீண்டுவிடுகிறது. நிலையான வலுவில் ஓடும் உலையில், உயிரோடு இருக்கும் ஒவ்வொரு நியூத்திரனுக்கும் ஏறக்குறைய 850 முன்னோடிக் கருக்கள் காத்திருக்கின்றன. வங்கியில் நிலையான வைப்பில் போட்ட பணம் முதிர்வுத் திகதி வரும்வரை கைக்கு வராதது போல, அந்த நியூத்திரன்கள் உலையின் கணக்கில் இருந்தும் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை.

பிந்திய நியூத்திரன்களை 1939இல் ரொபேட்ஸ், மேயர், வாங் ஆகியோர் கண்டறிந்தார்கள். 1942 டிசம்பர் 2 அன்று சிக்காகோவில் என்ரிகோ பெர்மியின் குழு முதலாவது உலையை மாறுநிலைக்குக் கொண்டுவந்தபோது, ஒருவர் கையால் கோலை இழுக்க மற்றவர்கள் அளவுமானிகளைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்ததற்குக் காரணம் இவையே.

தாக்குதிறன் என்கிறீர்கள், டொலர் என்கிறீர்கள். உலைக்குள் டொலர் எங்கே இருந்து வந்தது?

கே-இலிருந்து 1 ஐக் கழித்து, வந்ததைக் கே-ஆல் வகுத்தால் கிடைப்பது தாக்குதிறன். அதைக் கிரேக்க எழுத்தாகிய ரோவால் குறிப்பார்கள். மாறுநிலையில் ரோ பூச்சியம், கே 1.001 ஆனால் ரோ ஏறக்குறைய 0.001.

ரோவைத் தனியாகப் பார்ப்பதை விடப் பீற்றாவோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே பயன் தரும் என்பதால், ரோ பீற்றாவுக்குச் சமனாகும் அளவை ஒரு டொலர் என்றும், அதன் நூறில் ஒன்றைச் சதம் என்றும் அழைக்கிறார்கள். பெயரை வைத்தவர் லூயிஸ் சுலோற்றின்; 1946 மே மாதத்தில் லொஸ் அலமோசில் கையால் செய்த மாறுநிலைச் சோதனையொன்று தவறிக் கதிர்வீச்சுக்கு ஆளாகி, ஒன்பதாம் நாள் இறந்தவர். ரோ 0.001 என்பது யுரேனியம் 235 இல் ஏறக்குறைய 15 சதம்.

சமன்பாட்டை ஒருக்கால் எழுதிக் காட்டுங்கோ, பார்ப்பம்.

இரண்டு வகையீட்டுச் சமன்பாடுகள் போதும். முதலாவது நியூத்திரன்களுக்கு உரியது: நியூத்திரன் எண்ணிக்கை மாறும் வீதம் = (ரோ − பீற்றா) ÷ தலைமுறைக் காலம் × நியூத்திரன் எண்ணிக்கை + லம்டா × முன்னோடிகளின் எண்ணிக்கை. இரண்டாவது முன்னோடிகளுக்கு உரியது: முன்னோடிகள் மாறும் வீதம் = பீற்றா ÷ தலைமுறைக் காலம் × நியூத்திரன் எண்ணிக்கை − லம்டா × முன்னோடிகளின் எண்ணிக்கை. லம்டா என்பது முன்னோடிகளின் தேய்வு மாறிலி. சராசரி 13 செக்கன் என்பதால் அது செக்கனுக்கு 0.0767.

சொல்லால் சொன்னால், உடன் நியூத்திரன்கள் தம்மைத் தாமே பெருக்கப் போதாமல் குறைந்துகொண்டே போகின்றன. அந்தக் குறையை முன்னோடிகளின் தேய்வு நிரப்புகிறது. ரோ பீற்றாவை விடக் குறைவாக இருக்கும் வரை முதலாவது உறுப்பு மறைப் பெறுமானமாகவே இருக்கும் என்பதைக் கவனியுங்கள். கலிபோர்னியம் 252 போன்ற வெளி மூலம் ஒன்று இருந்தால், அது செக்கனுக்குத் தரும் நியூத்திரன்களை முதலாவது சமன்பாட்டில் கூட்டிக்கொள்ள வேண்டும்.

ரோவைக் கூட்டின உடனே வரைபு நெட்டாக ஏறிப் பிறகு ஆறுதலாகப் போகுதே, அது ஏன்?

தலைமுறைக் காலம் மிகச் சிறியது என்பதால், நியூத்திரன் எண்ணிக்கை செக்கனின் மிகச் சிறு பகுதிக்குள் புதிய ரோவுக்கு ஏற்றபடி ஒரு முறை துள்ளிவிடுகிறது. அந்த நேரத்துக்குள் முன்னோடிகளின் எண்ணிக்கை மாற அவகாசமில்லை. முதலாவது சமன்பாட்டில் மாறும் வீதத்தைப் பூச்சியம் என்று வைத்தால், துள்ளலின் அளவு பீற்றா ÷ (பீற்றா − ரோ) என்று கிடைக்கும். ரோ 0.001 ஆயின் 0.0065 ஐ 0.0055 ஆல் வகுக்க 1.18. வலு ஏறக்குறைய 18 சதவீதம் உடனே ஏறும். அதன் பின் முன்னோடிகளின் வேகத்துக்கே ஏறும்.

அந்த ஆறுதலான ஏற்றத்தை எப்படிக் கணிப்பது? எல்லாரும் ஆறு கூட்டம் என்கிறார்களே, ஒன்று போதாதா?

துள்ளலுக்குப் பின் எண்ணிக்கை அடுக்குக்குறிச் சார்பாக ஏறுகிறது. அது 2.718 மடங்காக எடுக்கும் நேரத்தை உலைக் காலம் என்பார்கள். முன்னோடிகளை ஒரே கூட்டமாக எடுத்தால், (பீற்றா − ரோ) ÷ (லம்டா × ரோ) என்ற அண்ணளவு போதும். ரோ 0.001 க்கு அது 72 செக்கன். இரண்டாம் விடையில் ஒரே செக்கனில் 22,000 மடங்காக்கிய அதே 0.001 தான் இது, இப்போது 2.718 மடங்காவதற்கே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது.

ஆனால் முன்னோடிகள் எல்லாம் ஒரே வேகத்தில் தேய்வதில்லை. யுரேனியம் 235 க்கு அவற்றை ஆறு கூட்டங்களாகப் பிரிப்பது வழக்கம். அரைவாழ்வுக்காலங்கள் முறையே ஏறக்குறைய 56, 23, 6.2, 2.3, 0.61, 0.23 செக்கன்கள். பங்குகள் 0.000215, 0.001424, 0.001274, 0.002568, 0.000748, 0.000273; கூட்டிப் பார்த்தால் 0.0065 வரும். இந்த ஆறையும் வைத்துத் தீர்த்தால் ரோ 0.001 க்கு உலைக் காலம் 55 செக்கன். ஒரு கூட்டக் கணக்கு 72 என்றது. உலை உண்மையில் அதை விட வேகமாக ஏறுகிறது. ரோ 0.0001 போல மிகச் சிறியதாக இருந்தால் இரண்டு கணக்குகளும் 800 செக்கனுக்குச் சற்று மேலே நெருங்கி நிற்கும். எனவே விளங்கிக்கொள்வதற்கு ஒரு கூட்டம் போதும். ஓர் உலையைப் பற்றி முடிவெடுப்பதற்குப் போதாது. ஏறும் வேகத்தைக் குறைத்து மதிப்பிடும் கணக்கு ஆபத்தான பக்கத்துக்குத் தவறுகிறது என்பதை மாணவர்கள் உணர வேண்டும் என்று விரும்புகிறேன்.

எக்செலில் போட்டேன், ரீச்சர். நாலாவது வரியில் நியூத்திரன் மைனஸ் ஆகிவிட்டதே?

நேர இடைவெளி பெரிதாகிவிட்டது. பலர் முதலில் முயல்வது ஒயிலரின் எளிய முறை: இப்போதைய மாறும் வீதத்தை நேர இடைவெளியால் பெருக்கி, இப்போதைய பெறுமானத்தோடு கூட்டுவது. நியூத்திரனை 1 என்றும் முன்னோடிகளை 847.5 என்றும் தொடங்கி, ரோ 0.001 என்று வைத்தால், முதற் கணத்தில் மாறும் வீதம் −55 + 65 = 10. இடைவெளி 0.01 செக்கன் ஆயின் அடுத்தடுத்த வரிகள் 1.10, 1.145, 1.165 என்று 1.18 ஐ நோக்கி அழகாகப் போகும். மேலே சொன்ன துள்ளல் அதுவே. இடைவெளியை 0.05 செக்கன் ஆக்கினால் 1.5, 0.625, 2.16, −0.53 என்று வரும். உலையில் எதுவும் நடக்கவில்லை. கணிக்கும் முறைதான் உடைந்துவிட்டது.

நியூத்திரனின் உறுப்பு செக்கனுக்கு 55 என்ற வேகத்தில் தணிகிறது. இடைவெளி 2 ÷ 55, அதாவது ஏறக்குறைய 0.036 செக்கனைத் தாண்டினால் ஒயிலர் முறை ஒவ்வொரு படியிலும் இலக்கைக் கடந்து மறுபக்கம் போய், அடுத்த படியில் இன்னும் கூடுதலாகத் திரும்பி வரும். முன்னோடிகளின் ஏற்றத்தைக் காண நிமிடக்கணக்கில் போக வேண்டும். ஆனால் நியூத்திரனோ சிறு இடைவெளியையே பொறுத்துக்கொள்கிறது. வேகமான ஒன்றும் மெதுவான ஒன்றும் இப்படி ஒரே தொகுதியில் கட்டுண்டு கிடக்கும் சமன்பாடுகளை விறைப்பான சமன்பாடுகள் என்பார்கள். தலைமுறைக் காலம் 0.00002 செக்கனாக உள்ள உலையில் இந்த வரம்பு இன்னும் ஐந்திலொன்றாகச் சுருங்கும்.

தீர்வு இரண்டு வழியில் வரும். ஒன்று, மாறும் வீதத்தைப் படியின் தொடக்கத்தில் அல்லாமல் முடிவில் எடுக்கும் பின்னோக்கிய ஒயிலர் முறை. புதிய நியூத்திரன் எண்ணிக்கையும் புதிய முன்னோடி எண்ணிக்கையும் தெரியாதவை என்பதால் ஒவ்வொரு படியிலும் இரண்டு ஒருங்கமை சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். அது எக்செலுக்குச் சிரமமில்லை. அதே 0.05 செக்கன் இடைவெளிக்கு இந்த முறை 1.13, 1.17 என்று ஒழுங்காக ஏறுகிறது. மற்றது, முந்திய விடையில் செய்தது போல நியூத்திரனின் மாறும் வீதத்தைப் பூச்சியம் என்று வைத்து, முன்னோடிகளின் சமன்பாட்டை மட்டும் தீர்ப்பது. அது எளிது, ஆனால் ரோ பீற்றாவை நெருங்கும்போது பொய்த்துவிடும். ஒயிலரை விடத் துல்லியமாகப் படிப்படியாகக் கணிக்கும் ரங்கே–குற்றா முறையை நம்பி வருபவர்களுக்கு ஒரு சொல்: வழக்கமான நான்காம் வரிசை முறையும் இதே வகை வரம்புக்கு உட்பட்டதே, வரம்பு சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

கே 1 ஐ விடக் குறைவென்றால் உள்ளே ஒன்றும் இராதுதானே?

மூலம் ஒன்று இருந்தால் இருக்கும். மூலத்திலிருந்து வரும் ஒவ்வொரு நியூத்திரனும் ஒரு குறுகிய சங்கிலியைத் தொடக்கிவிட்டு மறைகிறது. சங்கிலிகள் எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தப் பெருக்கம் 1 ÷ (1 − கே). கே 0.9 ஆயின் 10 மடங்கு, 0.99 ஆயின் 100 மடங்கு. உலையை முதன்முறை ஏற்றும்போது எரிபொருளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, எண்ணுகை வீதத்தின் தலைகீழை வரைபில் குறித்து, கோடு எங்கே பூச்சியத்தைத் தொடும் என்று முன்கூட்டியே பார்ப்பது இதனால்தான்.

மாறுநிலையை நெருங்க நெருங்க, எண்ணிக்கை ஒரு நிலைக்கு வந்து அமைய எடுக்கும் நேரமும் நீளும். அவசரப்பட்டு, அமையாத எண்ணைக் குறித்தால், மாறுநிலை இன்னும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும்.

கோல்களை எல்லாம் ஒரேயடியாக இறக்கினால் உடனே பூச்சியமா?

இல்லை. ரோ −0.05 என்று வைத்துத் துள்ளலுக்குச் சொன்ன அதே சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்: 0.0065 ஐ 0.0565 ஆல் வகுக்க 0.115. வலு உடனே 11.5 சதவீதத்துக்கு விழுகிறது. அதன் பின் விரைவாகத் தேயும் முன்னோடிகள் முதலில் தீர்ந்துபோக, இறுதியில் 56 செக்கன் அரைவாழ்வுக்காலம் உள்ள கூட்டம் மட்டும் எஞ்சும். அந்தக் கட்டத்தில் உலைக் காலம் −80 செக்கன். பத்தில் ஒன்றாகக் குறைய மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். இன்னும் எத்தனை கோல்களை இறக்கினாலும் இதைவிட வேகமாக இறக்க முடியாது.

நியூத்திரன் தீர்ந்துவிட்டால் வெப்பமும் தீர்ந்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது வேறு கணக்கு. பிளவுத் துண்டுகளின் தேய்வு வெப்பம், நிறுத்திய கணத்தில் முழு வலுவின் ஏறக்குறைய 6 முதல் 7 சதவீதமாகவும், ஒரு மணித்தியாலத்தின் பின்னும் 1 சதவீதத்துக்கு மேலாகவும் இருக்கும். 2011 மார்ச் 11 அன்று புக்குஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கத்தோடு சரியாகவே நின்றன. அவற்றை உருக்கியது, சுனாமி மின்சாரத்தைப் பறித்தபின் ஆற்ற முடியாமற்போன இந்தத் தேய்வு வெப்பம். 2004 டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ட எங்கள் கரையோர மக்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ரோ பீற்றாவைத் தாண்டினால் அணுகுண்டு மாதிரி வெடிக்குமா?

அணுகுண்டாகாது, ஆனால் உலை நொறுங்கிப்போகலாம். ரோ ஒரு டொலரைத் தாண்டியதும் பிந்திய நியூத்திரன்களின் உதவியின்றி உடன் நியூத்திரன்களே சங்கிலியை வளர்க்கத் தொடங்கும். பீற்றாவை விட 0.001 கூடினால் உலைக் காலம் 0.1 செக்கன், இரண்டாம் விடையின் 22,000 மடங்கு அப்போது உண்மையாகிவிடும். 1961 ஜனவரி 3 அன்று அமெரிக்காவின் ஐடாஹோவில் எஸ்எல்-1 என்ற சிறிய இராணுவ உலையின் நடுக்கோல் கையால் அளவுக்கு மீறி உயர்த்தப்பட்டது, பிறந்த நீராவி உலைக் கலத்தையே மேலே தூக்கியது, மூவர் இறந்தார்கள். 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபிலில், நீர் ஆவியாக ஆக ரோ ஏறும் இயல்பும், இறங்கும் கோல்களின் காரீய (கிரபைற்று) நுனிகள் முதலில் ரோவை ஏற்றியதும் சேர்ந்துகொண்டன.

ஆனால் டொலரைத் தாண்டுவதெல்லாம் பேரழிவில் முடிவதில்லை. டிரிகா என்ற ஆய்வு உலைகளை வேண்டுமென்றே ஒரு டொலருக்கு மேல் கொண்டுபோகிறார்கள். அவற்றின் எரிபொருள் சூடானதும் ரோ தானாகவே வீழ்ந்து, துடிப்பு மில்லிசெக்கன் கணக்கில் அடங்கிவிடுகிறது. எவ்வளவு தாண்டியது என்பதோடு, தாண்டியபின் ரோவுக்கு என்ன நேர்கிறது என்பதும் முக்கியம்.

உள்ளே சூடு ஏறும்போது ரோ மட்டும் மாறாமலா இருக்கும்?

மாறும், அதனால்தான் கணக்கு கடினமாகிறது. எரிபொருள் சூடானால், டொப்ளர் விளைவால் யுரேனியம் 238 கூடுதலான நியூத்திரன்களை விழுங்கும். இது உடனடியாக நிகழும். நீர் சூடாகி அடர்த்தி குறைந்தால், வழக்கமான அமுக்க நீர் உலையில் நியூத்திரன்களின் வேகம் போதிய அளவு தணியாது. இது வெப்பம் நீரைச் சேர எடுக்கும் நேரத்துக்குப் பிந்தி நிகழும். இரண்டும் ரோவைக் குறைக்கின்றன. ஆகவே ரோ நியூத்திரன் எண்ணிக்கையில் தங்கியிருக்கிறது, எண்ணிக்கை ரோவில் தங்கியிருக்கிறது. சமன்பாடு நேரியல் தன்மையை இழக்கிறது. எக்செலில் இதைச் சேர்க்க விரும்புபவர்கள், ஒவ்வொரு படியிலும் முதலில் வெப்பநிலையைப் புதுப்பித்து, அதிலிருந்து ரோவைக் கணித்து, பிறகு மேலே சொன்ன பின்னோக்கிய முறையை ஓட்டலாம்.

செனன் நஞ்சு என்றும் சொல்கிறார்களே, அதையும் இதற்குள்ளே போட வேண்டுமா?

செக்கன்களைக் கணிக்கும்போது வேண்டாம். மணித்தியாலங்களைக் கணிக்கும்போது கட்டாயம் வேண்டும். பிளவில் உண்டாகும் அயடீன் 135 தேய்ந்து, நியூத்திரன்களை மிகுதியாக விழுங்கும் செனன் 135 ஆகிறது. முன்னதின் அரைவாழ்வுக்காலம் 6.6 மணித்தியாலம், பின்னதினுடையது ஏறக்குறைய 9.1 மணித்தியாலம். உலை ஓடும்போது நியூத்திரன்களே செனனை எரித்துக் குறைக்கின்றன. உலையை நிறுத்தினால் எரிப்பவர் இல்லை; அயடீனோ தொடர்ந்து செனனாக மாறுகிறது. எனவே உயர் வலுவில் ஓடிய உலையில் செனன், நிறுத்திப் பத்துப் பதினொரு மணித்தியாலத்தில் உச்சத்தை அடைந்து பிறகே இறங்கும். 1944 செப்டெம்பரில் அமெரிக்காவின் ஹான்போர்ட் பி உலை தொடங்கிச் சில மணித்தியாலங்களில் தானாகவே வலு இழந்து, பிறகு தானாகவே மீண்டதற்குக் காரணம் இதுவே.

இலங்கையில் உலையே இல்லையே. திருகோணமலையில் இருந்துகொண்டு இதை ஏன் படிக்க வேணும்?

எங்களிடம் மின் உலை இல்லை. ஆனால் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம் இருக்கிறது, அணுமின் பற்றிய பேச்சும் இருக்கிறது. கடலுக்கு அப்பால் கூடங்குளமும் கல்பாக்கமும் ஓடுகின்றன. சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் வருமா வராதா என்ற விவாதம் 2016இல் அந்தத் திட்டம் கைவிடப்படும் வரை இந்த மாவட்டத்தில் ஆண்டுக்கணக்காக நடந்தது. அப்படியொரு கேள்வி அணுமின் பற்றி எழும் நாளில், ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் எண்களோடு பேச வேண்டும்; அச்சமும் விளம்பரமும் மட்டும் பேசக்கூடாது. இது என் உறுதியான எண்ணம்.

கூடங்குளத்துக்கும் கல்பாக்கத்துக்கும் ஒரே கணக்குத்தானா?

சமன்பாடு ஒன்று, எண்கள் வேறு. கூடங்குளத்தின் உலைகள் சாதாரண நீர் உலைகள். தலைமுறைக் காலம் 0.0001 செக்கனை விடவும் குறைவு. கல்பாக்கத்தின் பழைய மின் உலைகள் பார நீர் உலைகள். அங்கே நியூத்திரன் நீண்ட தூரம் அலைந்தே தணிவதால் தலைமுறைக் காலம் ஏறக்குறைய பத்து மடங்கு நீளம். போதாததற்குப் பிளவுத் துண்டுகளின் வலிய காமாக் கதிர்கள் பார நீரின் தியூத்திரியத்தை உடைத்து மேலும் சில நியூத்திரன்களைப் பிந்தி வெளிவிடுகின்றன. அவற்றுக்கென்று தனிக் கூட்டங்களைச் சேர்க்க வேண்டும். ஆறு கூட்டங்களுக்கு மட்டும் எழுதிய நிரலை அங்கே அப்படியே ஓட்டக்கூடாது.

புல்மோட்டை மணலில் தோரியம் இருக்காம். அதைப் போட்டால் பீற்றா மாறுமா?

புல்மோட்டைக் கனிய மணலில் இல்மனைற்று, ரூற்றைல், சிர்க்கன் ஆகியவற்றோடு மொனசைற்றும் சிறிதளவு உண்டு. தோரியம் மொனசைற்றில் இருக்கிறது. ஆனால் தோரியம் 232 மெதுவான நியூத்திரனால் பிளவுறாது. நியூத்திரனை விழுங்கி, 27 நாள் அரைவாழ்வுக்காலம் உள்ள புரோட்டக்டினியம் 233 வழியாக யுரேனியம் 233 ஆகிய பின்னரே பிளவுறும். அந்த யுரேனியம் 233 க்குப் பீற்றா ஏறக்குறைய 0.0026 மட்டுமே. அதே 0.001 ரோ அங்கே 38 சதம், துள்ளல் 1.18 அல்ல, 1.6 மடங்கு. யுரேனியம் 233 இல் ஓடும் காமினி என்ற சிறிய ஆய்வு உலை கல்பாக்கத்தில் இருக்கிறது.

முழு உள்ளகத்தையும் ஒரு புள்ளியாக எடுப்பது ஏமாற்று இல்லையா?

ஏமாற்று இல்லை, வரம்புள்ள அண்ணளவு. மேலே எழுதியவை எல்லாம், நியூத்திரன் பரம்பலின் வடிவம் மாறாமல் உயரம் மட்டும் ஏறி இறங்குகிறது என்று கொள்கின்றன. சிறிய உள்ளகத்திலும், கோல்கள் சிறிது சிறிதாக நகரும்போதும் இது நன்றாகப் பொருந்தும். பெரிய உள்ளகத்தின் ஒரு மூலையில் ஒரே கோல் திடீரென வெளியேறினால் பொருந்தாது. அங்கே சராசரி வலு பாதுகாப்பாகத் தோன்றும்போதே அந்த மூலையின் எரிபொருள் உருகக்கூடும். பெரிய உலைகளில் செனன் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைந்து, வலுவை மணித்தியாலக்கணக்கில் அங்குமிங்கும் ஊசலாட வைப்பதும் உண்டு. புள்ளிக் கணக்கு அதைக் காணவே காணாது.

அத்தகைய இடங்களில் உள்ளகத்தை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேகமான நியூத்திரன், மெதுவான நியூத்திரன் என்று குறைந்தது இரண்டு குழுக்களுக்குப் பரவற் சமன்பாட்டைத் தீர்க்கிறார்கள். வடிவம் மெதுவாகவும் உயரம் வேகமாகவும் மாறுவதைப் பயன்படுத்தி, வடிவத்தைப் பெரிய நேர இடைவெளியிலும் உயரத்தை இங்கே சொன்ன புள்ளிச் சமன்பாட்டால் சிறிய இடைவெளியிலும் கணிப்பது ஒரு சிக்கனமான வழி. ஆகவே புள்ளிக் கணக்கைக் கற்றது அங்கும் வீண்போவதில்லை.

ஒரே உலை, ஒரே கோல், ஒரே தூரம் இழுத்தார்கள். எரிபொருள் பழசான பிறகு மட்டும் ஏன் வேறு மாதிரி நடக்குது?

எரிபொருள் எரிய எரிய, யுரேனியம் 238 நியூத்திரன்களை விழுங்கிப் புளூட்டோனியம் 239 ஆகிறது. நாள் செல்லச் செல்லப் பிளவுகளில் கணிசமான பங்கு அதிலிருந்தே வருகிறது. புளூட்டோனியம் 239 இன் பீற்றா 0.0021 மட்டுமே என்பதால், உள்ளகம் முழுவதற்குமான பீற்றா, ஒரு தடவை எரிபொருள் மாற்றியதிலிருந்து அடுத்த தடவை வரையான சுற்றின் முடிவில் ஏறக்குறைய 0.005 வரை இறங்கிவிடும். புது எரிபொருளில் 15 சதமாக இருந்த 0.001 ரோ இப்போது 20 சதம், துள்ளல் 1.18 மடங்கிலிருந்து 1.25 மடங்காகிறது; ஒரு டொலருக்கு உள்ள தூரமும் சுருங்குகிறது. கோலின் மதிப்பும் நீரின் வெப்பநிலைத் தாக்கமும் அதே காலத்தில் மாறுவதால், பாதுகாப்புக் கணக்குகளைச் சுற்றின் தொடக்கத்துக்கு ஒரு முறையும் முடிவுக்கு ஒரு முறையும் தனித்தனியே செய்து, இரண்டிலும் கடுமையானதையே வரம்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.